முழங்கால் மட்டுத் தண்ணீர்: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

முதல் நாள்: பண்ணை

மாசிப் பனி மூசிப் பெய்யும் என்று அம்மா சொல்வதுண்டு. இரவு பஸ்ஸில் வந்து யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது விடியற்காலை ஐந்தரை. பஸ் நிலையத்துக் கூரை விளிம்பிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. மாமா மோட்டார் சைக்கிளோடு காத்து நின்றார். 73 வயது. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வீட்டுக்குப் போகமுன் பண்ணைப் பாலத்துக்குப் போவோமா, மாமா?"

"பயணக் களைப்பு இல்லையா, பிள்ளை?" என்று கேட்டாரே தவிர, வண்டியை அந்தப் பக்கமாகத்தான் திருப்பினார்.

1995இல் இடம்பெயர்ந்தபோது எனக்கு 12 வயது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வந்து போயிருக்கிறேன். ஊரில் உள்ள மனிதர்களைப் பற்றிக் கொழும்பில் இருந்துகொண்டு ஓயாமல் பேசியிருக்கிறேன். ஊரின் பறவைகளை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இந்த ஆறு நாளும் அதற்காகவே.

கோட்டையைத் தாண்டியதும் வீதியின் இரண்டு பக்கமும் கடனீரேரி, கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் ஆழமில்லாத ஏரி. மண்டைதீவுப் பக்கமாக, வெளிச்சம் இன்னும் சரியாகப் பரவாத நீரில், வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். பூநாரைகள். நூற்றுக்கு மேல் இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பாகம் கீழே இருக்கும்படி நீருக்குள் வைத்து, இடமும் வலமுமாக அரித்துக்கொண்டே நடந்தன. அந்த வளைந்த அலகு ஒரு வடி. சேற்று நீரை உறிஞ்சி வெளியே தள்ள, சின்னஞ்சிறு இறால்களும் பாசியும் உள்ளே தங்கிவிடுகின்றன. இறகின் சிவப்பும் அந்த உணவிலிருந்து ஏறுவதுதான். கூட்டத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சில நின்றன. அவை இளசுகள், இன்னும் நிறம் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே காலால் சேற்றை மிதித்து மிதித்துச் சுற்றியது. அடியில் கிடப்பதைக் கலக்கி மேலே கொண்டுவருகிறது.

மாமா தொலைநோக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது சமவுயரக் கோடு, பிள்ளை" என்றார்.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து அளவைப் படத்தில் போடும் கோடு அது. ஏன் சொன்னார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. கையை நீட்டிக் காட்டினார். ஈரச் சேற்றில், நீர் படாத விளிம்பில், உப்புக்கொத்திகள். அடுத்து இரண்டு மூன்று விரல் ஆழத்தில் சிறு உள்ளான்கள். அதற்கு அப்பால் சிவந்த கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள். இன்னும் உள்ளே பூநாரைகள். அவற்றுக்கும் பின்னால் ஊசிவால் தாராக்கள் மிதந்தன. கால் நீளத்துக்கு ஏற்றபடி ஒவ்வொன்றும் தன் ஆழத்தில் நின்றது. "இதே கடனீரேரியின் கரையை நான் எத்தனை முறை அளந்திருப்பேன். சங்கிலியும் கோலும் பிடித்துப் பத்துப் பேர் நின்று போடுகிற கோட்டை இவை தாமே போட்டு வைத்திருக்கின்றன."

அரை அடி நீர் கூடினால் உப்புக்கொத்திக்கு இடமில்லை. அரை அடி குறைந்தால் தாரா மிதக்க முடியாது. கடனீரேரியில் ஒரு சாண் நீர் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று இன்று காலைதான் கண்ணால் கண்டேன்.

இரண்டாம் நாள்: பொன்னாலை, ஊர்காவற்றுறை

பொன்னாலைப் பாலத்தில் காலை ஏழு மணிக்குக் காற்று தள்ளியது. நீருக்குள் தடிகள் வரிசையாக நட்டிருந்தன. சிறகுவலை. இறால் அந்த வலை வழியே நடந்து போய்க் கடைசியில் உள்ள கூட்டுக்குள் விழும். இடுப்பளவு நீரில் வலையைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஐயா ஒருவர், பறவை பார்க்க வந்தோம் என்றதும் கரைக்கு வந்தார்.

"இந்தக் கண்டல் பற்றைகளைப் பாருங்கள். இறால் குஞ்சு முழுக்க அதன் வேருக்குள்தான் கிடக்கும். எங்கே கண்டலை வெட்டினார்களோ அங்கே வலை வைத்துப் பயன் இல்லை. கொக்கும் வராது. எங்களுக்கும் அதற்கும் ஒரே சாப்பாடு, பிள்ளை."

அவரிடம் நான் கேட்க நினைத்திருந்த கேள்வி வேறு. இறாலைப் பறவைகள் தின்றுவிடுவதாகக் கோபம் இல்லையா? அவர் யோசிக்கவே இல்லை. நீர்க்காகம் வலைக்குள் இறங்கினால் கோபம் வரும் என்றார். மற்றவை தமக்குத் தேவையான அளவுக்கு மேல் எடுப்பதில்லை. கோபமெல்லாம் இழுவைமடிப் படகுகள் மேல்தான். வெளிக்கடலில் அடியோடு வாரிக்கொண்டு போகும் அந்தத் தொழிலை 2017இல் இலங்கை சட்டம் போட்டுத் தடைசெய்தது. "சட்டம் கரையில் நிற்கிறது, படகு கடலில் ஓடுகிறது" என்றார்.

காரைநகரிலிருந்து பாதையில் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனோம். (பாதை என்றால் இங்கே ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.) இந்தத் துறைக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர் யானைத் துறை என்ற பொருளுடையது. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்திவந்து இங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தரும் அந்த வியாபாரத்தை விடவில்லை. ஆனையிறவு என்று நாள்தோறும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கிற விலங்கை இன்று குடாநாட்டில் காண முடிவதில்லை. கப்பலைப் பார்த்தபடி கட்டுண்டு நின்றிருக்கக்கூடிய யானைகளை நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

இறங்குதுறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாமாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லின் அடியில் தங்கும் மழைநீர்தான் எல்லாக் கிணற்றுக்கும் ஆதாரம். அதிலும் பல கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. அதனால்தான் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலிலிருந்து தடுத்து நன்னீராக்கி, கால்வாய் வெட்டிக் குடாநாட்டுக்குள் கொண்டுவருவது. மாமா தன் வேலைக்காலம் முழுவதும் அந்தத் திட்டத்தைக் கனவாகச் சுமந்தவர்.

நான் புந்தலவைப் பற்றிச் சொன்னேன். தெற்கே அம்பாந்தோட்டையில் உள்ள அந்த ஈரநிலம் 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் தலமாக (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது. பூநாரைகளுக்குப் பேர்போன இடம். கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிநீர் அங்குள்ள களப்புகளுக்குள் இறங்கியது. உப்பு குறைந்தது. உப்பு நீரில் வாழ்ந்த சிற்றுயிர்கள் போயின. பூநாரைகள் பெருங்கூட்டமாக அங்கே வருவது நின்றுபோனது. வேலி போட்ட தேசியப் பூங்காதான் அது. ஆனாலும் வேலிக்கு வெளியிலிருந்து வந்த நீர் உள்ளே இருந்ததை மாற்றிவிட்டது.

"அப்படியென்றால் உவர்த் தண்ணீரையே குடிக்கச் சொல்கிறாயா?" என்று மாமா கேட்டார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. கொழும்பில் குழாயைத் திறந்து குடிக்கும் நான், உவர்க் கிணறுள்ள வீட்டுக்காரிக்கு என்ன சொல்ல முடியும்? எந்தத் திட்டம் வந்தாலும் எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆழம், எந்த மாதம் என்ற கணக்கில் பறவைகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மாமா பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்து முடித்தார்.

மூன்றாம் நாள்: சரசாலை

அம்மாவின் வளவு. வீடு இல்லை, அத்திவாரமும் கிணறும் பனைகளும் இருக்கின்றன. யுத்த காலத்தில் பதுங்குகுழிக்கென்று தறிக்கப்பட்டவை போக மிஞ்சிய பனைகள். இப்போது அனுமதியில்லாமல் பனை தறிக்க முடியாது என்பது ஆறுதல்.

காலை வெயில் ஏறியதும் பனைகளின் தலையைச் சுற்றிச் சிறு பறவைகள் கத்தி வீசுவதுபோலப் பறந்தன. பனை உழவாரன். இந்தப் பறவை தரையில் இறங்காது. உண்பது, குடிப்பது எல்லாம் பறக்கும்போதே. பக்கத்து வளவுத் தம்பி ஒருவர் நேற்று விழுந்த காவோலை ஒன்றை இழுத்துவந்து காட்டினார். ஓலையின் அடிப்பக்கத்தில், மடிப்போடு மடிப்பாக, கூடு ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு கரண்டிக் குழி அளவுதான். இறகும் பஞ்சும். உமிழ்நீரால் ஒட்டியது. விரலால் தொட்டால் காய்ந்த கோந்துபோல இருந்தது. ஓலை காற்றில் ஆடும்போது விழாதபடி முட்டையையும் அதே உமிழ்நீரால் ஓலையோடு ஒட்டிவிடும். குஞ்சு பிறந்த நாளிலிருந்தே நகத்தால் ஓலையைப் பற்றித் தொங்கிக்கொண்டு வளரும். இந்தக் கூடு பழையது, வெறுமை. நிம்மதியாக இருந்தது.

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று பழமொழி சொல்கிறோம். அந்தக் காவோலையில்தான் உழவாரனின் குடும்பம் இருக்கிறது. மரத்தை அழகாக வைத்திருக்கிறோம் என்று தொங்கும் ஓலைகளை எல்லாம் சுத்தமாகக் கழித்துவிட்ட பனைகளில் ஒரு பறவையையும் காணவில்லை. தம்பியிடம் சொன்னேன். வேலிக்கு ஓலை வேண்டும்தான், ஆனால் நாலைந்து மரத்தை அப்படியே விடலாம் என்றார். அந்த நாலைந்து எவை என்று இருவரும் நடந்து பார்த்து, சுண்ணாம்பால் அடையாளம் போட்டோம். இந்தப் பயணத்தில் நான் கையால் செய்த ஒரே வேலை அது.

மாலையில் குருவிக்காட்டுக்குப் போனோம். தொண்டைமானாற்றுக் கடனீரேரியின் ஓரத்துக் கண்டல் காட்டுக்கு ஊரவர் வைத்த பெயர். சூரியன் சாய, கொக்குகளும் நீர்க்காகங்களும் அணியணியாக வந்து இறங்கின. கண்ணா மரங்கள் வெள்ளைப் பூ பூத்ததுபோல ஆயின. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நிற்கும் மூச்சு வேர்களுக்கு இடையில் நண்டுகள் ஓடின. அதே வேர்களுக்கு இடையில் பொலித்தீன் பைகளும் கிடந்தன. அங்கே கொட்டிவிட்டுப் போனது யார் என்று கேட்டதற்கு, "தரவைதானே, சும்மா கிடக்கிற நிலம்" என்றார் வழியில் வந்த ஒருவர்.

திரும்பி வரும்போது மாமா ஒரு பேச்சும் பேசவில்லை. வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் சொன்னார்: "அளவைப் படத்தில் இந்த இடத்துக்கெல்லாம் 'தரவை' என்று எழுதியது நான்தான்."

நான்காம் நாள்: நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம். முருகைக்கல் வேலிகள், பெருக்கு மரம், குதிரைகள் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரைகள் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. அந்நியர் ஆட்சியில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டு, கைவிடப்பட்டு, காட்டுக் குதிரைகளாகிப் போனவை. 2015இல் தீவின் தெற்குப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. கோடையில் குட்டைகள் வற்றினால் குதிரைகள் தாகத்தால் சாகின்றன என்பதால் அவற்றின் மீது எல்லோருக்கும் இரக்கம் உண்டு. எனக்கும் உண்டு.

ஆனால் என் கண்ணை நிறுத்தியது வேறொன்று. கல்வேலி ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓர் உடும்பு. பாதிக்கு மேல் வால். காலடிச் சத்தம் கேட்டதும் வயிற்றை ஊதி, நகங்களைக் கற்களின் பொந்துக்குள் ஊன்றி அப்படியே ஒட்டிக்கொண்டது. உடும்புப் பிடி என்று சொல்கிற அந்தப் பிடியை முதன்முதலாக நேரில் கண்டேன். அந்தப் பிடியே அதற்கு எமன். ஓடாமல் ஒட்டிக்கொள்வதால் இறைச்சிக்குப் பிடிப்பவர்களுக்கு எளிது. சட்டம் காக்கும் விலங்குதான். குதிரைக்குத் தொட்டியில் நீர் ஊற்ற ஆட்கள் இருக்கிறார்கள். உடும்புக்காகப் பேச யாரும் வரவில்லை. அழகானதைக் காப்பது எளிது. பல்லியைப் போன்ற ஒன்றை நம்முடையது என்று சொல்வதற்குத்தான் மனம் வர வேண்டும்.

ஐந்தாம் நாள்: சுண்டிக்குளம்

கொடிகாமம் கடந்து, நாகர்கோவில், மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு. 2004 சுனாமி அடித்துச் சென்ற கரை இது. வீதியின் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பற்றைக்காடு. பற்றைக்குள்ளிருந்து கவுதாரியின் உரத்த குரல். இலங்கைக்கே உரிய பறவைகளில் பெரும்பாலானவை சிங்கராஜா போன்ற தென்மேற்கின் மழைக்காடுகளில் வாழ்கின்றன. அதனால் வடக்கில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தக் கவுதாரியைச் சிங்கராஜாவில் கேட்க முடியாது. இந்த வறண்ட மண்தான் அதன் வீடு.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது 1937இல். அதற்கு அடுத்த ஆண்டே. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. கடனீரேரி கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடந்தது. கூழைக்கடாக்கள் வட்டமாக நீந்தி, ஒரே நேரத்தில் தலையை அமிழ்த்தி மீன் அள்ளின. சங்குவளை நாரைகள் திறந்த அலகை நீருக்குள் வைத்தபடி அசையாமல் நின்றன. மீன் பட்டதும் அலகு மூடும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை.

கரையில் மீனவர் வாடி ஒன்றில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அக்கா எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார். பூங்கா என்றதும் முகம் மாறியது. "இந்தத் தென்னைகள் என் தகப்பனார் நட்டவை. எல்லை இதற்கு இந்தப் பக்கம் என்கிறார்கள். நாங்கள் பறவையைச் சுட்டோமா, முட்டையை எடுத்தோமா? பறவைக்குப் பாதுகாப்பு வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லைக்கல் போடமுன் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

மாமா மெதுவாக அவரிடம் பழைய காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா, எந்த ஆண்டு அளவை என்று விசாரித்தார். இருவரும் அரை மணி நேரம் மண்ணில் குச்சியால் கோடு போட்டுப் பேசினார்கள். நான் அந்த அக்காவின் பக்கம். பறவையைக் காப்பது என்ற பெயரில் அந்தக் கரையை இத்தனை காலம் கெடுக்காமல் வைத்திருந்தவர்களையே வெளியே நிறுத்தினால், நாளைக்கு அந்தப் பறவைக்குக் காவல் யார்?

அப்போது அக்காவின் மகன் ஓடிவந்து கூப்பிட்டான். கரையோரம் ஒதுங்கியிருந்த தங்கூசி வலைத் துண்டில் நெடுங்கால் உள்ளான் ஒன்று சிக்கியிருந்தது. தடைசெய்யப்பட்ட வலை; யாரோ அறுத்து எறிந்தது. கண்ணுக்கே தெரியாத மெல்லிய இழை. காலில் மூன்று சுற்று இறுகி, தோலுக்குள் இறங்கியிருந்தது. பையன் தன் சட்டையைக் கழற்றிப் பறவையின் தலையை மூடினான். மூடியதும் அது துடிப்பதை நிறுத்தியது. நான் உடலைப் பிடித்துக்கொண்டேன். எடையே இல்லை. உள்ளங்கையில் அதன் இதயம் மட்டும் வேகமாக அடித்தது. கால் ஈர்க்கு அளவு, பவளச் சிவப்பு, முட்டியில் ஒரு கணு. அக்கா குனிந்து, கத்தி படக்கூடாது என்று, பல்லால் இழையைக் கடித்து அறுத்தார். ஒரு சுற்று. இரண்டாவது. மூன்றாவதை அறுக்கும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

கீழே விட்டோம். ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. பிறகு கால்கள் வாலுக்குப் பின்னால் நீண்டு தொங்கப் பறந்து போய், மற்றவற்றுக்குப் பக்கத்தில், முழங்கால் மட்டு நீரில் இறங்கியது. அக்கா வலைத் துண்டைச் சுருட்டி அடுப்பருகே கொண்டுபோய் வைத்தார்.

ஆறாம் நாள்: ஆனையிறவு

பகல் பஸ்ஸில் திரும்புகிறேன். நேற்றிரவு மாமா அலுமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய அளவைப் படச் சுருள்களை எடுத்து மேசையில் விரித்தார். அந்த அக்காவின் காணி எந்தப் படத்தில் வருகிறது என்று கண்ணாடியைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நான் படுக்கப் போகும்போதும் விளக்கு எரிந்தது.

பஸ் ஆனையிறவை நெருங்கியபோது தொலைபேசி அடித்தது. மாமாதான்.

"யன்னல் பக்கமா இருக்கிறாய்?"

"ஓம் மாமா."

"தண்ணீர் எவ்வளவு நிற்கிறது?"

கண்ணாடியைத் திறந்து பார்த்தேன். வெயிலில் கடனீரேரி பளபளத்தது. கரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தூரத்தில் பூநாரைகள், இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை, பஸ் ஓடுகிறது. கிட்ட, வீதிக்குப் பக்கத்தில், சிவந்த கால்கள் வரிசையாகத் தெரிந்தன.

"நெடுங்கால் உள்ளானுக்கு முழங்கால் மட்டும்" என்றேன்.

"அப்படியென்றால் இன்னும் ஒரு மாதம் நிற்கும்" என்றார் மாமா.